நத்தைப் பேட்டையிலிருந்து ஒரு தேதி

பிளெய்ன்ஸ்பரோ,
ஜூலை 5

அன்புள்ள டென்னிஸ்,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். கவின் இப்போதுதான் கண் அசந்தான். உங்களுக்கு அங்கே விடிந்துகொண்டிருக்கும். போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் போனில் ரெபா உங்கள் தோளைவிட்டு இறங்குவதில்லை, நான் கேட்க வந்தது பாதியிலேயே நின்றுவிடுகிறது. இங்கிலீஷில் டைப் பண்ணினால் மேனேஜருக்கு அனுப்புகிற மெயில் மாதிரி ஆகிவிடுகிறது. அதனால்தான் தமிழில். பிழை இருந்தால் என் போனைத் திட்டுங்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏப்ரலில் கிளம்பும்போது மூன்று மாதம் என்றீர்கள். சியேனாவில் அந்தத் தடுப்பூசித் தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை, ரெபா உங்களோடு, கவின் என்னோடு, ஜூலை பத்தாம் தேதி எல்லோரும் நெவார்க் ஏர்போர்ட்டில். இதைப் பேசி முடிப்பதற்குள் நமக்குள் என்னென்ன வார்த்தை வந்துபோனது என்று உங்களுக்கு மறந்திருக்காது. நேற்று போனை வைக்கும்போது, "ஆகஸ்ட் ரேஸ் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றீர்கள். எந்த ரேஸ்? குதிரை ஓடுவதற்கும் நீங்கள் வீட்டுக்கு வருவதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாம் தேதி நடந்த ஓட்டம் என்று நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். மேல் மாடியில் மகன் வீட்டுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிற வசந்தாமணி ஆன்ட்டியும் உட்கார்ந்து பார்த்தார்கள். இரும்புச் சட்டை போட்டவர்கள், கால் ஒட்டிய கால்சட்டை போட்டவர்கள், கொடியை மேலே வீசிப் பிடிக்கிற பையன்கள், வெள்ளை மாடு பூட்டின வண்டி என்று ஊர்வலம் முடிவதாகவே இல்லை. கடைசியில் குதிரை ஓடினது, நான் கவினின் பால் பாட்டிலை மூடித் திருகுவதற்குள் முடிந்துவிட்டது. ஆன்ட்டி, "ஏனுங்க அம்மிணி, சேணமே இல்லாம ஓட்டறாங்க, உழுந்தா யாரு பொறுப்பு? இதுல நம்ம பாப்பா எங்க நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று எனக்கும்தான் தெரியவில்லை.

இன்னொன்று. அவளுடைய பிறந்தநாளுக்கு அனுப்பின கவுனை ஏன் போடவில்லை? போட்டோவில் கழுத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தாளே, மஞ்சள் பிடிக்கிறதாக்கும் என்று தேடித் தேடி மஞ்சளும் நீலமுமாக வாங்கினேன். போனில் கேட்டால், "தட்ஸ் டர்ட்டில் கலர், அம்மா. வி ஹேட் டர்ட்டில்ஸ்" என்கிறாள். இங்கே அவள் கட்டில் பக்கத்தில் இன்னும் அந்த ஆமை விளக்குதான் இருக்கிறது. அதை ஏற்றாமல் தூங்க மாட்டாளே, டென்னிஸ். யார் இந்த வி?

என் டிராவல் பெர்மிட் இன்னும் வரவில்லை. ஒரே நாளில், ஒரே கவரில் அனுப்பினோம். உங்களுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. அது இல்லாமல் நான் நாட்டைவிட்டு வெளியே போனால் கிரீன் கார்டு விண்ணப்பமே போய்விடும் என்கிறார் வக்கீல். அதனால் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்ல முடியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எப்போது வருகிறீர்கள்?

அமலி


சியேனா,
ஜூலை 9

அமலி,

நீ கேட்டதற்கெல்லாம் வரிசையாகப் பதில் எழுதுகிறேன். முதலில் கவுன். தப்பு என் மேல்தான், உன்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இந்த ஊர் பதினேழு பேட்டையாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி, ஒரு கோயில், ஒரு மிருகம். நாங்கள் வாடகைக்கு இருக்கிற தெரு நத்தைப் பேட்டை. பரம்பரை எதிரி ஆமைப் பேட்டை. ஆமாம், குதிரைப் பந்தயத்தில் நத்தையும் ஆமையும்தான் முறைத்துக்கொள்கின்றன. நீ அங்கே சிரிக்கலாம், இங்கே சிரித்துவிடாதே, காபி கிடைக்காது. நத்தைக்கு மஞ்சளும் சிவப்பும். ஆமைக்கு மஞ்சளும் நீலமும். நீ அனுப்பின பெட்டியை ரெபா தெருவில் வைத்தே பிரித்துவிட்டாள். கவுனைப் பார்த்ததும் காய்கறிக் கடைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். எல்லாம் விளையாட்டுக்குத்தான், ஆனால் ஐந்து வயசுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. ஓவென்று அழுதுவிட்டாள். கவுன் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் நடக்கிற இந்த ஓட்டத்தில் ஒரு வேடிக்கை, எந்தக் குதிரை எந்தப் பேட்டைக்கு என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். நொண்டி வந்தாலும் உன் அதிர்ஷ்டம். ஓட்டுகிறவன் வெளியூர்க்காரன், கூலிக்கு வருகிறவன், அவனை யாரும் நம்புவதில்லை. குதிரையை மட்டும் நம்புகிறார்கள். ஓட்டுகிறவன் விழுந்தாலும் குதிரை தனியாக ஓடி முதலில் வந்தால் ஜெயித்ததுதான். ஓட்டத்தன்று குதிரையைக் கோயிலுக்குள்ளேயே கூட்டிப்போய் சாமியார் ஆசீர்வாதம் பண்ணுகிறார். "போ, ஜெயிச்சுட்டு வா" என்று குதிரையிடமே சொல்கிறார். பரிசு என்ன தெரியுமா? மாதா படம் வரைந்த ஒரு பட்டுத் துணி. அவ்வளவுதான். அதற்காக வருஷம் முழுக்க அழுகிறார்கள், சிரிக்கிறார்கள். நம்ம தூத்துக்குடியில் சப்பரம் எந்தத் தெரு வழியாகத் திரும்பும் என்று முறைத்துக்கொள்வார்களே, எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

ரெபாவைப் பற்றிக் கவலைப்படாதே. கூட்டத்தில் அவள் இல்லை, மாடி ஜன்னலில் இருந்தாள். கீழ் வீட்டு ஓனரம்மாவின் மகள் கியாரா பகலில் அவளைப் பார்த்துக்கொள்கிறாள். ஸ்கூல் டீச்சர், இப்போது லீவு. பொறுப்பான பெண். கல்யாணமாகிப் பத்து நிமிஷ நடையில் இருக்கிறாள்.

வேலையை ஆகஸ்ட் வரை நீட்டித்திருக்கிறார்கள். டிக்கெட்டை மாற்றப் போட்டிருக்கிறேன். தேதி முடிவானதும் சொல்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். காலையில் வேலைக்கு இறங்கும்போது காபிக் கடைக்காரர் "தொத்தோரே" என்று கூப்பிடுகிறார். படித்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். வேலை போன பிறகு அங்கே ஒரு வருஷம் நான் மெயில்பாக்ஸுக்கும் டிஷ்வாஷருக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். உன்னைக் குறை சொல்லவில்லை. சரி, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

டென்னிஸ்


பிளெய்ன்ஸ்பரோ,
ஜூலை 12

டென்னிஸ்,

நான் கேட்டது ஒரு தேதி. நீங்கள் குதிரையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அழகாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்தேன், இரண்டாவது தடவை ஏதாவது விட்டுவிட்டேனோ என்று. தேதி இல்லை.

பத்தாம் தேதி சாயங்காலம் என்னை அறியாமல் காரை வீட்டுப் பக்கம் திருப்பாமல் ஏர்போர்ட் பக்கம் திருப்பிவிட்டேன். பாதி வழியில்தான் உறைத்தது. கவின் பின்சீட்டில் சிரித்துக்கொண்டிருந்தான்.

டிஷ்வாஷர் பற்றி எழுதியிருந்ததற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் உங்களை அங்கே நிறுத்தினேனா? நீங்கள் நின்றதை நான் பார்க்கவில்லையா? இரண்டில் எது என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

கவின் சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். வீடியோ அனுப்பலாம் என்று எடுத்தேன். அனுப்பவில்லை. வந்து பாருங்கள்.

ரெபாவுக்கு செப்டம்பர் முதல் வாரம் கிண்டர்கார்டன் ஆரம்பிக்கிறது. அதையாவது மறந்துவிடாதீர்கள்.

அமலி


சியேனா,
ஆகஸ்ட் 10

அமலி,

போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம் என்று கடிதம் எழுதாமல் இருந்துவிட்டேன். போனில் நீ ரெபா சாப்பிட்டாளா என்பதைத் தாண்டுவதில்லை. நானும் கவினுக்கு ஜுரம் விட்டதா என்பதைத் தாண்டுவதில்லை.

பதினாறாம் தேதி ஓட்டம். சதுக்கத்தைச் சுற்றி மண் கொட்டி மிதித்து இறுக்குகிறார்கள். வளைவில் குதிரை போய் மோதாமல் இருக்கச் சுவரில் மெத்தை சாத்துகிறார்கள். ரெபா மேளக்காரப் பையன்கள் பின்னாலேயே அலைகிறாள். அவளுக்கு இப்போது இத்தாலியில் கோபப்படத் தெரியும். தமிழில் நான் கேட்டால் இங்கிலீஷில் பதில், அது மாறவில்லை.

உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது. எழுத்தில் வேண்டாம், நேரில் பேச வேண்டியது. ஓட்டம் முடிந்ததும் சொல்கிறேன். நீ வேறு எதையும் யோசிக்காதே.

டென்னிஸ்


பிளெய்ன்ஸ்பரோ,
ஆகஸ்ட் 14

டென்னிஸ்,

வேறு எதையும் யோசிக்காதே என்று எழுதினால் யார்தான் யோசிக்காமல் இருப்பார்கள்?

நேரடியாகவே எழுதிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் எனக்கு அழுகை வந்துவிடும். நேற்று நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள் என்று ரெபாதான் போனை எடுத்தாள். என்னடி விசேஷம் என்றேன். "கியாரா ஆன்ட்டி லெஃப்ட் மார்க்கோ அங்கிள்" என்றாள். யார் மார்க்கோ என்றேன். ஆன்ட்டியின் ஹஸ்பண்டாம். தலையணையோடு வந்துவிட்டாளாம், இனிமேல் நம் வீட்டில்தான் தூங்குகிறாளாம். பாவம் அந்த அங்கிள் என்று என் வாயில் வந்துவிட்டது. "நோ அம்மா, எவ்ரிபடி இஸ் ஸோ ஹாப்பி. அப்பா ஆல்ஸோ" என்றாள்.

அந்த எவ்ரிபடியை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

நான் சந்தேகப்படுகிற ஆள் இல்லை என்று இத்தனை வருஷமாக நானே நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் ஜூலை என்றது ஆகஸ்ட் ஆகிறது. தேதியைக் கேட்டால் குதிரை வருகிறது. நேரில் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பொறுப்பான பெண் ஒருத்தி புருஷனை விட்டுவிட்டுத் தலையணையோடு நீங்கள் இருக்கிற வீட்டுக்கு வருகிறாள். இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது என்றால், தனித்தனியாக எப்படிப் பார்ப்பது என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், வசந்தாமணி ஆன்ட்டி கேட்டுவிட்டார்கள். ஒன்றும் கேட்காத மாதிரி கவினுக்கு நெற்றியைத் துடைத்துவிட்டார்கள். அப்புறம் அடுப்பைக் காட்டி, "மனசுல எதையோ வெச்சுக்கிட்டுக் கிண்டாதீங்க அம்மிணி, உப்புமா அடிப்பிடிக்குது. அவரையே கேட்டுப்போடுங்க" என்றார்கள். கேட்டுவிட்டேன்.

நாளைக்கு மாதா திருநாள். கோயிலுக்குப் போவேன். என்ன வேண்டிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. வந்துவிட வேண்டும் என்றா, உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றா?

அமலி


சியேனா,
ஆகஸ்ட் 17

அமலி,

உன் கடிதத்தைப் பார்த்ததும் போன் பண்ணினேன். திரும்பத் திரும்பப் பண்ணினேன். நீ எடுக்கவில்லை. கோயிலில் இருந்திருப்பாய், அல்லது எடுக்கப் பிடித்திருக்காது. அதனால் எழுதுகிறேன், இந்தத் தடவை எதையும் விடாமல்.

கியாரா புருஷனை விட்டுவிட்டு வந்தது நிஜம். தலையணை கொண்டுவந்ததும் நிஜம். அவள் பிறந்தது நத்தைப் பேட்டை, மார்க்கோ ஆமைப் பேட்டை. அப்படிக் கட்டிக்கொண்டவர்கள் ஓட்டத்துக்கு முந்தின நாட்களில் சேர்ந்திருப்பதில்லை, இது அவர்களுடைய வழக்கம். குதிரை குலுக்கிப் போட்ட அன்று மனைவி தன் பேட்டைக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். நான்கு நாள். போன்கூடக் கிடையாது, தெருவில் பார்த்தாலும் பார்க்காத மாதிரிதான். ஓட்டம் முடிந்த மறுநாள் காலையில் திரும்பப் போய்விடுவாள். கீழ் வீட்டில் அவள் அம்மா அறையில்தான் தூங்கினாள். ரெபாவுக்கு நம் வீடு, கீழ் வீடு என்ற வித்தியாசமே கிடையாது, அதுதான் அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

நீ நினைத்ததை கியாராவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பு நின்றுபோய், "உங்க மனைவிக்கு யாருமே சொல்லலையா?" என்று கேட்டாள். உனக்குப் புருஷன் ஞாபகம் வராதா என்று பேச்சை மாற்றினேன். "பதினேழாம் தேதி காலைல போயிடுவேனே" என்றாள், ஏதோ பஸ் நேரம் சொல்கிற மாதிரி.

நேற்று நத்தைக் குதிரையைக் கோயிலுக்குள் கூட்டிப்போனார்கள். சாமியார் ஆசீர்வாதம் பண்ணும்போதே அது பீடத்துக்கு முன்னால் சாணி போட்டுவிட்டது. எல்லோர் முகத்திலும் அப்படியொரு வெளிச்சம், அது நல்ல சகுனமாம். ரெபா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஓட்டத்தில் இரண்டாவது சுற்றிலேயே எங்கள் ஆள் மெத்தையில் போய் விழுந்தான். குதிரை நிற்கவில்லை. முதுகில் யாருமில்லாமல், யாரும் விரட்டாமல், தானாகவே ஓடியது. கொஞ்ச நேரம் முதலில்கூட வந்தது. கடைசியில் வேறு ஏதோ பேட்டை ஜெயித்தது. ஆமை இரண்டாவது. இந்த ஊரில் கடைசியாக வருவதைவிட இரண்டாவதாக வருவதுதான் கேவலம். அதனால் தோற்ற நத்தைப் பேட்டையில் விடிய விடியப் பாட்டு.

இன்று காலை கியாரா தலையணையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரெபா தானும் போவேன் என்றாள். அலமாரியைத் திறந்து நீ அனுப்பின கவுனை அவளே எடுத்துவந்தாள். இதைப் போடலாமா என்றேன். "இட்ஸ் ஓவர், அப்பா. நௌ ஐ கேன்" என்றாள். சரியாக இருக்கிறது, அளவு எடுத்துத் தைத்த மாதிரி. ஆமைப் பேட்டை எல்லையில் மார்க்கோ நின்றுகொண்டிருந்தான். ஓட்டத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் தலையணையை வாங்கிக்கொண்டான், நடந்தார்கள். நான் ரெபாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

இனி நேரில் பேச வேண்டியது. இங்கே நிரந்தர வேலை தருகிறார்கள், மூன்று வருஷம். ஜூலையிலேயே கேட்டார்கள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்கிறார்கள். சரி என்றால் அக்டோபரில் என் பெர்மிட் முடிவதற்குள் திரும்ப மாட்டேன், என் கிரீன் கார்டு போய்விடும். இல்லை என்றால் அங்கே வந்து மறுபடியும் வேலை தேட வேண்டும். நீ வேலையை விட்டுவிட்டு இங்கே வா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ வர முடியாத நிலையில் இருந்தது எனக்கு ஒரு விதத்தில் வசதியாக இருந்தது, கேட்காமலேயே இருந்துவிட்டேன். ரெபாவை வைத்துக்கொண்டு நான் விளையாடவில்லை, அமலி. எனக்கே தெரியவில்லை, அவ்வளவுதான்.

டென்னிஸ்


பிளெய்ன்ஸ்பரோ,
ஆகஸ்ட் 18

அன்புள்ள டென்னிஸ்,

போனை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நீங்கள் ஏதாவது சொல்லிச் சமாதானம் பண்ணியிருப்பீர்கள், நானும் ஆகியிருப்பேன்.

கியாராவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். முகம் தெரியாத ஒருத்தியை மூன்று நாள் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வசந்தாமணி ஆன்ட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். "அட, தேதி சொல்லிப்போட்டுப் போற சண்டையா? அது நல்லாருக்குதே" என்றார்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள், கவினைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்கள்.

அதிலிருந்து எனக்கு அதே நினைவுதான். அந்தப் பெண்ணுக்கு அவள் புருஷன் எதிரிப் பேட்டை. பேசக் கூடாது, பார்க்கக் கூடாது. ஆனாலும் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள், டென்னிஸ், பதினேழாம் தேதி காலையில் எங்கே இருப்போம் என்று அவளுக்குத் தெரியும். நமக்குள் எந்தப் பேட்டையும் இல்லை. நாம் தினமும் பேசுகிறோம். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

உங்கள் மேல் கோபமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஜூலையிலிருந்து மறைத்திருக்கிறீர்கள். ஆனால் யாரும் விரட்டாமல் அந்தக் குதிரை ஓடியது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் எனக்குக் கோபம் நின்றுபோனது. ஏன் என்று கேட்காதீர்கள். இங்கே நீங்கள் அப்படி ஓடி நான் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது. அதே சமயம், நானும்தானே இங்கே தனியாக ஓடிக்கொண்டிருக்கிறேன் என்றும் தோன்றியது. எது நியாயம் என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

இப்போது நான் சொல்ல வேண்டியது. முந்தாநாள் என் டிராவல் பெர்மிட் வந்துவிட்டது. மெயில்பாக்ஸில் பீட்சாக் கடை விளம்பரங்களுக்கு நடுவில் இருந்தது. இத்தனை மாதமாக அது வந்தால் போதும், பறந்துவிடுவேன் என்றுதான் இருந்தேன். படித்ததும் மடித்து மறுபடியும் கவருக்குள்ளேயே வைத்துவிட்டேன். இனி நான் வர முடியாது என்று நானும் சொல்ல முடியாது, அவளால் வர முடியாதே என்று நீங்களும் சொல்ல முடியாது. நான் வந்தால் எதற்காக வருவேன் என்று எனக்குத் தெரியவில்லை. ரெபாவையும் உங்களையும் கூட்டிக்கொண்டு வரவா, கவினோடு நானும் அங்கேயே இருந்துவிடவா? இந்த வேலையை விட்டால் நானும் அங்கே ஒரு டிஷ்வாஷருக்கு முன்னால் நிற்பேனா? அப்போது எனக்காக யார் தேதி வைப்பார்கள்?

ஆமை விளக்கு இப்போது கவின் அறையில் இருக்கிறது. மேற்கூரையில் அதன் நட்சத்திர வெளிச்சம் விழுந்ததும் கையை நீட்டுகிறான். ரெபாவிடம் சொல்லுங்கள், தம்பிக்குக் கடன்தான் கொடுத்திருக்கிறேன், அவள் கேட்டால் திருப்பி வைத்துவிடுவேன். கவுனில் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்று வருஷத்தைப் பற்றி நீங்களாக முடிவு பண்ண வேண்டாம், நானாகவும் பண்ண மாட்டேன். எனக்கு இப்போது வேண்டியது ஒரு தேதி மட்டும்தான். அது நீங்கள் இங்கே வருகிற தேதியாக இருக்கலாம், நான் கவினைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிற தேதியாக இருக்கலாம், அந்தத் தேதியில் நாம் நான்கு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேச வேண்டும். அது கொஞ்சம் தள்ளியிருந்தாலும் பொறுத்திருப்பேன், அதுவரைக்கும் எண்ணிக்கொண்டிருப்பேன். ஆனால் இந்தத் தடவை குதிரையைப் பற்றி எழுதாதீர்கள். தேதியை மட்டும் எழுதுங்கள்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

அமலி